தொற்று முடிந்ததும் நோயெதிர்ப்புச் செல்கள் ஏன் சாகின்றன, நினைவு எப்படி மிஞ்சுகிறது?

கேள்வி இது: ஒரு வைரஸை எதிர்ப்பதற்காக உடல் கோடிக்கணக்கான செல்களைப் பெருக்குகிறது, தொற்று அடங்கியதும் அவற்றில் பெரும்பகுதியைத் தானே அழித்துவிடுகிறது. அவற்றை அப்படியே விட்டுவைத்தால் அதே நோய் மறுபடி வரும்போது பாதுகாப்பு இன்னும் பலமாக இருக்காதா? இந்த இறப்பு வீண் செலவா, அல்லது நோயெதிர்ப்பு நினைவு உருவாவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டா?

பங்கு உண்டு; மையமான பங்கு என்றே சொல்வேன். பெருகிய கூட்டத்தில் எது பிழைக்க வேண்டும், எது சாக வேண்டும் என்று நடக்கும் தேர்வின் விளைவாகவே நினைவு உருவாகிறது. அந்த இறப்பைத் தடுத்தால் செல்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் நினைவின் தரம் கூடுவதில்லை. சில இடங்களில் குறைந்தே போகிறது. இதற்குச் சுண்டெலிகளிலும் மனிதர்களிலும் நல்ல சான்றுகள் உள்ளன. தொற்றிய செல்களைக் கொல்லும் அல்லது பிற செல்களுக்கு உதவும் டி செல்களில் இத்தேர்வு நடக்கும் முறையும், எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடிகளை) உருவாக்கும் பி செல்களில் நடக்கும் முறையும் வெவ்வேறு என்பதால், இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதே நல்லது.

டி செல்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி எல்சிஎம்வி என்னும் சுண்டெலி வைரஸை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது. இந்த வைரஸின் ஆர்ம்ஸ்ட்ராங் வகையைச் செலுத்தினால், சுண்டெலி ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதை முழுதாக அகற்றிவிடும். ஆகவே தொற்றின் தொடக்கமும் முடிவும் ஐயமின்றித் தெரியும். தொற்றுக்கு முன், வைரஸின் ஒரு குறிப்பிட்ட புரதத் துண்டை இனங்காணக்கூடிய சிடி8 டி செல்கள் (தொற்றிய செல்களைக் கொல்லும் வகை) ஒரு சுண்டெலியின் உடல் முழுவதிலும் 100 முதல் 200 வரைதான் இருக்கும். எட்டாம் நாளில் மண்ணீரலில் மட்டும் அவை ஏறத்தாழ ஒரு கோடியாகிவிடும். 1998-இல் எமரி பல்கலைக்கழகத்தில் ரஃபி அகமதின் ஆய்வுக்குழு இதைத் துல்லியமாக அளந்தபோது, எட்டாம் நாளில் மண்ணீரலில் உள்ள சிடி8 செல்களில் 50 முதல் 70 சதவீதம் அந்த ஒரே வைரஸுக்கு எதிரானவை என்று தெரியவந்தது. அடுத்த சில வாரங்களில் இக்கூட்டத்தில் 90 முதல் 95 சதவீதம் மறைந்துவிடுகிறது. எஞ்சும் 5 முதல் 10 சதவீதம் சுண்டெலியின் ஆயுள் முழுவதும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் நிலைத்து நிற்கிறது. இந்த எஞ்சிய பங்கைத்தான் நினைவு டி செல்கள் என்கிறோம்.

இவ்வளவு செல்கள் குறுகிய காலத்தில் செத்தும் உடலுக்குக் கேடு நேராமல் இருப்பதற்குக் காரணம் அவை சாகும் விதம். 1972-இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டைர் கரி ஆகிய மூவரும் விவரித்து அப்போப்டோசிஸ் என்று பெயரிட்ட முறையில், செல் சுருங்குகிறது, அதன் உட்கருவில் டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த குரோமாட்டின் இறுகுகிறது, சவ்வால் மூடப்பட்ட சிறு துண்டுகளாக அது உடைகிறது, அத்துண்டுகளை அருகிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. செல்லின் உள்ளடக்கம் வெளியே சிந்துவதில்லை. அதனால் அழற்சி எழுவதில்லை. ஒரு கோடி செல்கள் வெடித்துச் செத்திருந்தால், தொற்று ஓய்ந்த இடத்திலேயே புதிதாக ஓர் அழற்சி தொடங்கியிருக்கும்.

ஒரு செல் இப்படிச் சாவதா, பிழைப்பதா என்ற முடிவு பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில், பிசிஎல்-2 குடும்பத்துப் புரதங்களுக்கு இடையிலான விகிதத்தால் எடுக்கப்படுகிறது. பிசிஎல்-2, எம்சிஎல்-1 போன்றவை செல்லைக் காக்கின்றன. பாக்ஸ், பாக் என்ற இரண்டும் அந்தச் சவ்வைத் துளைக்க வல்லவை. பிம், நோக்ஸா, பியூமா போன்ற சிறு புரதங்கள் காக்கும் புரதங்களைப் பிடித்து முடக்கி, பாக்ஸுக்கும் பாக்குக்கும் வழி திறந்துவிடுகின்றன. துளை விழுந்தவுடன் சைட்டோகுரோம் சி வெளியேறி, காஸ்பேஸ்-9, காஸ்பேஸ்-3 என்று, செல்லின் புரதங்களை வெட்டும் நொதிகள் ஒன்றையொன்று தூண்ட, பிறகு திரும்பி வர வழியில்லை.

பிசிஎல்-2 மரபணு முதலில் ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற பி செல் புற்றுநோயில், 14-ஆம் குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்ட இடத்தில் 1980-களின் நடுவில் கண்டறியப்பட்டது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லைப் பெருகச் செய்வது என்பதே அப்போதைய எண்ணம். 1988-இல் மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோர் இம்மரபணுவை வளர்ச்சிக்காரணியை நம்பி வாழும் செல்களில் ஏற்றிவிட்டு, அந்தக் காரணியை நீக்கினார்கள். செல்கள் பெருகவில்லை, ஆனால் சாகவும் இல்லை. பெருகுவதும் பிழைத்திருப்பதும் செல்லுக்குத் தனித்தனிக் காரியங்கள் என்பதை இந்த ஒரு சோதனை நிலைநாட்டியது. நோயெதிர்ப்பு நினைவைப் புரிந்துகொள்ள இதைவிட அடிப்படையான உண்மை வேறில்லை என்பது என் கருத்து: நினைவுச் செல் என்பது பெருக்கம் ஓய்ந்த பிறகும் பிழைத்திருக்கும் உரிமை பெற்ற செல்.

அந்த உரிமை எப்படிக் கிடைக்கிறது? தூண்டப்பட்டுப் பெருகும் டி செல் இன்டர்லியூகின்-2 போன்ற சைட்டோகைன்களை (செல்களுக்கு இடையே செய்தி கொண்டுசெல்லும் புரதங்களை) பெற்றுக்கொண்டிருக்கும்வரை, ஏகேடி என்ற நொதி ஃபாக்ஸோ புரதங்களை உட்கருவுக்கு வெளியே வைத்திருக்கிறது. தொற்று அடங்கி அந்தச் சைட்டோகைன்கள் வற்றும்போது ஃபாக்ஸோ உட்கருவுக்குள் நுழைந்து பிம் மரபணுவை இயக்குகிறது. உச்சக்கட்டத்தில் இருக்கும் செல்களில் பிசிஎல்-2 அளவும் குறைவாகவே இருக்கும். ஆக, எட்டாம் நாளில் அந்த ஒரு கோடி செல்களில் பெரும்பாலானவை விளிம்பில் நிற்பவை. வேறொரு பிழைப்புச் சமிக்ஞையைப் பற்றிக்கொள்ள முடிந்தவை மட்டுமே மீள்கின்றன. அத்தகைய சமிக்ஞைகளுள் முதன்மையானது இன்டர்லியூகின்-7. 2003-இல் சூசன் கெய்ச்சும் ரஃபி அகமதின் குழுவினரும், உச்சக்கட்டத்திலேயே சிறு பங்கு செல்கள் மட்டும் இன்டர்லியூகின்-7 ஏற்பியான சிடி127-ஐ அதிகமாகத் தாங்கியிருப்பதையும், அவற்றைப் பிரித்தெடுத்து வேறு சுண்டெலிகளுக்கு மாற்றினால் அவையே நினைவுச் செல்களாக நிலைப்பதையும் காட்டினார்கள். இன்டர்லியூகின்-7 அச்செல்களில் பிசிஎல்-2 அளவை உயர்த்துகிறது. பின்னர் இன்டர்லியூகின்-15 அவற்றை எப்போதாவது ஒருமுறை பிரியச் செய்து எண்ணிக்கையைக் காக்கிறது.

இவ்விடத்தில் ஒரு தவறான புரிதல் எளிதில் நுழைந்துவிடும். ஏற்பி இருக்கிறதா இல்லையா என்பதே பிழைப்பைத் தீர்மானிக்கிறது என்றால், எல்லாச் செல்களிலும் அந்த ஏற்பியை வலிந்து ஏற்றிவிட்டால் எல்லாம் பிழைக்க வேண்டும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை அப்போதும் செத்தன. ஏற்பி தேவையானது, ஆனால் அது மட்டும் போதாது. செல்லின் உள்ளே ஏற்கெனவே ஒரு திசை தீர்மானமாகியிருக்கிறது. 2007-இல் நிகில் ஜோஷியும் கெய்ச்சின் குழுவினரும் அந்தத் திசையை விளக்கினார்கள்: தொற்றின் தொடக்க நாள்களில் அழற்சிச் சைட்டோகைன்களை, குறிப்பாக இன்டர்லியூகின்-12-ஐ, மிகுதியாகப் பெற்ற செல்களில் டி-பெட் என்ற புரதம் உயர்கிறது; அவை கேஎல்ஆர்ஜி1 என்ற அடையாளத்தைத் தாங்கிய குறுங்காலச் செல்களாகின்றன. டி-பெட் குறைவாக உள்ளவை நினைவின் முன்னோடிகளாகின்றன. இரு வகையும் வைரஸைக் கொல்ல வல்லவைதான். தொற்று முடிந்த பிறகு அவற்றுக்குக் காத்திருக்கும் கதியே வேறு.

இதிலிருந்து ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. வைரஸ் மறைந்துவிட்டதால்தான் டி செல்கள் சாகின்றன என்று நினைப்பது இயல்பு. அயோவா பல்கலைக்கழகத்தில் ஜான் ஹார்ட்டியும் விளாடிமிர் பாதோவினாட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிஜென் (நோயெதிர்ப்புச் செல்கள் இனங்காணும் பொருள்) விரைவில் நீங்கினாலும் நீடித்தாலும் டி செல்கள் குறையத் தொடங்கும் காலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2004-இல் அவர்கள் இன்னொரு படி சென்றார்கள்: லிஸ்டீரியா பாக்டீரியாவைச் செலுத்துவதற்கு முன்பே சுண்டெலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து, தொடக்க அழற்சியை மட்டுப்படுத்தினார்கள். டி செல்கள் அப்போதும் பெருகின. ஆனால் வழக்கமான பெரும் இறப்பு நடக்கவில்லை. அதாவது இரண்டாம் வாரத்தில் நிகழப்போகும் இறப்பு முதல் சில நாள்களின் அழற்சியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. நோயெதிர்ப்பை வலுவாகத் தூண்டத் தடுப்பூசிகளில் சேர்க்கப்படும் துணைத்தூண்டிகளைத் தேர்ந்தெடுப்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது. அதிக அழற்சி அதிகப் பெருக்கத்தைத் தரலாம், ஆனால் அதே விகிதத்தில் நினைவைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வரலாம்: இறப்பைத் தடுத்தால் என்ன ஆகும்? 2002-இல் டென்வரில் பிலிப்பா மரக்கும் ஜான் கப்லரும் நடத்திய ஆய்வகத்திலிருந்து வந்த சோதனைகள், பிம் இல்லாத சுண்டெலிகளில் தூண்டப்பட்ட டி செல்கள் வழக்கம்போல் மறையாமல் தேங்குவதைக் காட்டின. ஆனால் அப்படித் தேங்கிய கூட்டத்தில், வழக்கமாகச் செத்திருக்க வேண்டிய குறுங்கால வகையின் அடையாளங்களைத் தாங்கிய செல்கள் கணிசமாக இருந்தன என்பதைப் பின்வந்த ஆய்வுகள் கண்டன. உயிர் காப்பாற்றப்பட்டதாலேயே ஒரு செல் நினைவுச் செல்லாகிவிடுவதில்லை. நீண்ட காலம் அமைதியாக இருக்கவும், மறுபடி தூண்டப்படும்போது வேகமாகப் பெருகவும் தேவையான உள்ளமைப்பு அதற்கு வேண்டும். அது இறப்பைத் தடுப்பதால் வருவதில்லை.

நோக்ஸா பற்றிய கண்டுபிடிப்பு இன்னும் நுட்பமானது. டி செல்கள் பெருகத் தொடங்கும் காலத்திலேயே, ஆன்டிஜெனை இறுகப் பற்றும் குலங்களுக்கும் தளர்வாகப் பற்றும் குலங்களுக்கும் (குலம் என்பது ஒரே செல்லின் வழித்தோன்றல்கள்) இடையே போட்டி நடக்கிறது. இறுகப் பற்றும் குலங்களில் எம்சிஎல்-1 கூடுதலாகக் காக்கப்படுவதால் அவை நோக்ஸாவைத் தாங்குகின்றன; தளர்வானவை தாங்காமல் விழுகின்றன. 2010-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், நோக்ஸா இல்லாத சுண்டெலிகளில் தளர்வாகப் பற்றும் குலங்களும் பிழைத்து, கூட்டத்தின் சராசரித் திறன் குறைவதைக் காட்டினார்கள். இங்கே இறப்பு வெறும் எண்ணிக்கைக் குறைப்பு அல்ல என்பது வெளிப்படையாகத் தெரிகிறது.

ஃபாஸ் என்ற ஏற்பியின் வழி நடக்கும் இறப்பும் உண்டு. இது செல்லின் வெளியிலிருந்து வரும் கட்டளை: ஃபாஸ் பிணைப்பான் தொட்டவுடன் காஸ்பேஸ்-8 இயங்கி, செல் சாகிறது. விரைவில் முடியும் தொற்றுகளுக்குப் பின் டி செல்கள் குறைவதற்கு ஃபாஸ் மட்டும் இன்றியமையாதது அல்ல. திரும்பத் திரும்பத் தூண்டப்படும் செல்களுக்கே அது முக்கியம். 2008-இல் ஒரே இதழில் மூன்று ஆய்வுக்குழுக்கள், பிம்மும் ஃபாஸும் சேர்ந்தே குறைபட்ட சுண்டெலிகளை விவரித்தன. நிணநீர் முடிச்சுகள் பெருத்தன, தன் உடலையே தாக்கும் நோய் சிறு வயதிலேயே தொடங்கியது, வைரஸுக்கு எதிரான டி செல்கள் ஒவ்வொரு குறைபாடும் தனியாக இருந்தபோது தேங்கியதைவிடப் பெருமளவில் தேங்கின.

மனிதர்களில் இதற்கு இணையான நிலை ஏஎல்பிஎஸ் என்னும் பரம்பரை நோய். 1967-இலேயே கனாலியும் ஸ்மித்தும் குழந்தைகளிடம் விவரித்த இந்நோயின் காரணம் 1995-இல் தெரியவந்தது: ஃபாஸ் மரபணுவில் பிழை. நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்குகின்றன. சிடி4, சிடி8 என்ற மேற்பரப்பு அடையாளங்கள் இரண்டும் இல்லாத விசித்திரமான டி செல்கள் இரத்தத்தில் சேருகின்றன. இரத்தச் சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. லிம்ஃபோமா வரும் வாய்ப்பும் கூடுகிறது. கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. செல்கள் சாகாமல் குவியும் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் நினைவு பி செல்கள் இயல்பைவிடக் குறைவாகவே காணப்படுகின்றன. நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் பாலிசாக்கரைடு (சர்க்கரைச் சங்கிலி) உறைக்கு எதிரான பதிலும் பலரிடம் குன்றியிருக்கிறது. செல்கள் மிகுந்த உடலில் நினைவு குறைந்து கிடக்கிறது.

பி செல்களில்தான் இந்த விஷயம் முழு வளத்தோடு வெளிப்படுகிறது என்பதால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். தொற்று அல்லது தடுப்பூசிக்குப் பிறகு நிணநீர் முடிச்சுகளில் ஜெர்மினல் மையங்கள் எனப்படும் சிறு அமைப்புகள் தோன்றுகின்றன. அவற்றின் இருள் பகுதியில் பி செல்கள் வேகமாகப் பிரிகின்றன. ஏஐடி என்ற நொதி அவற்றின் எதிர்ப்பொருள் மரபணுவில், ஒவ்வொரு பிரிவுக்கும் ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஒன்று என்ற வீதத்தில், கண்மூடித்தனமாக மாற்றங்களை உண்டாக்குகிறது. பிறகு அவை ஒளிப் பகுதிக்கு வந்து, ஃபாலிகுலர் டென்ட்ரிட்டிக் செல்களின் மேல் தாங்கப்பட்டிருக்கும் ஆன்டிஜெனைத் தம் புதிய ஏற்பியால் எடுக்க வேண்டும். எடுத்ததை உதவி டி செல்லிடம் காட்டி, அதனிடமிருந்து உயிர்ச் சமிக்ஞை பெற வேண்டும். அதிகமாக எடுத்த செல்லுக்கு அதிக உதவி. எடுக்க முடியாத செல்லுக்கு ஒன்றும் இல்லை.

உதவி கிடைக்காத செல்லைத் தேடிப்பிடித்து யாரும் கொல்வதில்லை. அது தானாகவே சாகும் நிலையில்தான் அந்த மையத்துக்குள் வாழ்கிறது. பிசிஎல்-6 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் ஜெர்மினல் மைய பி செல்களில் பிசிஎல்-2 மரபணுவையே அடக்கிவைத்திருக்கிறது; மேற்பரப்பில் ஃபாஸ் நிறைந்திருக்கிறது. 1989-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இயன் மக்லென்னனின் குழு, மனித டான்சிலிலிருந்து இச்செல்களைப் பிரித்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்தபோது அவை சில மணி நேரத்திலேயே அப்போப்டோசிஸுக்கு உள்ளாயின. ஆன்டிஜென் ஏற்பியையும், உதவி டி செல்கள் தூண்டும் ஏற்பியான சிடி40-ஐயும் தூண்டியபோது பிழைத்தன. இங்கே சாவுதான் இயல்பு நிலை. பிழைப்பதற்குத்தான் காரணம் வேண்டும்.

இந்த இறப்பின் அளவு எவ்வளவு என்பது நெடுநாள் மதிப்பீடாகவே இருந்தது. 2017-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மிஷெல் நுசென்ஸ்வைக்கின் குழு, காஸ்பேஸ்-3 இயங்கியவுடன் அடையாளம் காட்டும் சுண்டெலிகளை உருவாக்கி அளந்தது. ஜெர்மினல் மையத்தின் பி செல்களில் பாதிவரை ஒவ்வொரு 6 மணி நேரத்திலும் சாகின்றன என்பது அவர்கள் கண்ட விடை. இறப்பின் காரணம் இடத்துக்கு இடம் மாறுவதையும் அவர்கள் கண்டார்கள். இருள் பகுதியில் சாகும் செல்களில் பெரும்பாலானவை ஏஐடி உண்டாக்கிய மாற்றத்தால் எதிர்ப்பொருள் மரபணுவே சிதைந்துபோனவை. ஒளிப் பகுதியில் சாகின்றவை சிதைந்தவை அல்ல. உதவி கிடைக்காமல் போனவை. சிதைந்ததை நீக்குவதும் சிறந்ததைத் தேர்வதும் இரு தனி வேலைகளாக, இரு தனி இடங்களில் நடக்கின்றன.

இவ்வளவு பிணங்களும் எங்கே போகின்றன? வால்தர் ஃப்ளெமிங் 1885-இல் நிணநீர் முடிச்சுகளின் இந்த மையங்களைச் சாயமேற்றிப் பார்த்தபோது, சில செல்களுக்குள் அடர்ந்த நிறமேற்ற துணுக்குகளைக் கண்டு பதிவு செய்தார். அவை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிய, செத்த பி செல்களின் உட்கருத் துண்டுகள் என்பது பின்னாளில்தான் விளங்கியது. இந்தத் துப்புரவும் நினைவைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே. எம்எஃப்ஜி-இ8 என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளில் மேக்ரோஃபேஜ்கள் இத்துண்டுகளைச் சரிவர விழுங்க முடியாமல் போவதையும், அதன் பின் தன் உடலுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றுவதையும் 2004-இல் ஷிகெகாஸு நகாடாவின் குழு காட்டியது. செத்த செல்லின் டிஎன்ஏ கிடந்தால், அதையே ஆன்டிஜெனாக எடுத்துக்கொண்டு பிழைத்துவிடக்கூடிய பி செல்கள் அங்கேயே இருக்கின்றன.

இப்போது அதே கேள்வியை பி செல்களிடம் கேட்போம். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2000-இல், பி செல்களில் பிசிஎல்-2 எப்போதும் மிகுந்திருக்குமாறு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு ஆன்டிஜெனைச் செலுத்திப் பார்த்தார்கள். நினைவு பி செல்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் அவற்றில் பல, ஆன்டிஜெனைத் தளர்வாகப் பற்றுபவை. இயல்பான சுண்டெலியில் ஒளிப் பகுதியிலேயே செத்திருக்கக்கூடியவை. எலும்பு மஜ்ஜையில் போய்த் தங்கிய, எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களோ அப்போதும் இறுகப் பற்றும் வகையாகவே இருந்தன. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகப் படுகிறது. நினைவு பி செல் ஆவதற்குச் சாகாமல் இருப்பதே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. அதனால் அந்தக் கூட்டத்தின் தரத்தை இறப்பே காக்கிறது. நெடுநாள் பிளாஸ்மா செல் ஆவதற்கோ தனியான சமிக்ஞையும் தேர்ச்சியும் வேண்டும். இறப்பைத் தடுப்பதால் மட்டும் அந்த வாசல் திறப்பதில்லை.

இறப்பு எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றும் முடிவு செய்துவிடக் கூடாது. இயல்பான சுண்டெலியிலும் நினைவு பி செல்கள் பிளாஸ்மா செல்களைவிடச் சற்றுத் தளர்வான, பலதரப்பட்ட கூட்டமாகவே இருக்கின்றன. வெஸ்ட் நைல் வைரஸைக் கொண்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், வைரஸின் உருமாறிய வடிவத்தை இனங்காணும் திறன் நினைவு பி செல்களில் இருந்தது. நெடுநாள் பிளாஸ்மா செல்களில் இல்லை. வைரஸ்கள் உருமாறும் உலகில், ஓரளவு தளர்ந்தவற்றையும் வாழ விடுவதில் பயன் உண்டு. தேர்வின் கண்டிப்பு எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது நோய்க்கிருமியைப் பொறுத்தது.

பிளாஸ்மா செல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எலும்பு மஜ்ஜையில் அவை பிரிவதில்லை. ஏப்ரில் என்ற புரதம் பிசிஎம்ஏ ஏற்பியைத் தொட, அதனால் காக்கப்படும் எம்சிஎல்-1-ஐ நம்பியே ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. எம்சிஎல்-1-ஐ நீக்கினால் விரைவில் சாகின்றன. மனிதர்களிடம் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களை நெடுங்காலம் அளந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், டெட்டனஸ் எதிர்ப்பொருளின் அரைவாழ்வு (பாதியாகக் குறையும் காலம்) 11 ஆண்டுகள் என்றும் டிஃப்தீரியாவுக்கு 19 ஆண்டுகள் என்றும் கணக்கிடப்பட்டது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஆகியவற்றுக்கு எதிரானவை ஆயுள் முழுவதும் குறையாதவை என்று கொள்ளுமளவுக்கு நிலையாக இருந்தன. ஒரே உடலில், ஒரே வகைச் செல்லின் ஆயுள் அதைத் தோற்றுவித்த ஆன்டிஜெனுக்கேற்ப இவ்வளவு மாறுகிறது.

மனித டி செல்களைப் பற்றிய மிகச் சிறந்த சான்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியிலிருந்து வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்கள் தொடக்க வாரங்களில், டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கொண்ட கனநீரை அருந்தினார்கள். அப்போது பிரிந்த செல்களின் டிஎன்ஏவில் டியூட்டீரியம் பதிந்தது. 2017-இல் ராமா அகொண்டியும் ரஃபி அகமதும் உள்ளிட்டோர் வெளியிட்ட முடிவு: ஆண்டுகள் கழிந்தபின் இருந்த நினைவுச் செல்கள், முதல் இரண்டு வாரங்களில் மிகுதியாகப் பிரிந்த செல்களின் வழித்தோன்றல்களே, அதன் பிறகு அவை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பிரிவதில்லை. நினைவுச் செல்கள் போட்டியில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்றவை என்ற கருத்துக்கு இது எதிரானது. அவை பெருக்கத்தின் நடுவே இருந்து, சாவைக் கடந்து வந்தவை. பெரியம்மைத் தடுப்பூசி போட்டுப் பல பத்தாண்டுகள் ஆனவர்களிடம் டி செல்களின் அரைவாழ்வு 8 முதல் 15 ஆண்டுகள் என்று 2003-இல் ஓரிகனில் கணக்கிடப்பட்டதும் இதனோடு ஒத்துப்போகிறது.

இந்தத் தேர்வு தடம்மாறும் இடங்களும் உண்டு. எல்சிஎம்வியின் குளோன் 13 வகை சுண்டெலியில் நீண்ட நாள் தங்கிவிடும். அப்போது வைரஸின் ஒரு புரதத் துண்டை எதிர்க்கும் டி செல்கள் ஏறக்குறைய முற்றாகச் செத்து மறைகின்றன. வேறு துண்டுகளை எதிர்ப்பவை சாகாமல், ஆனால் களைத்துச் செயலிழந்த நிலையில் நிற்கின்றன. மிக வலுவாக, ஓயாமல் தூண்டப்படும் குலங்களே முதலில் அழிகின்றன என்பது வருந்தத்தக்க உண்மை.

தட்டம்மை செய்வது இதைவிடக் கொடியது. அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சிடி150 ஏற்பி நினைவு லிம்ஃபோசைட்டுகளில், அதாவது நினைவு டி, பி செல்களில், நிறைந்திருக்கிறது. ஆகவே தட்டம்மை வைரஸ், வேறு நோய்களுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நினைவுச் செல்களையே தொற்றிக் கொல்கிறது. தொற்றிய செல்களை உடலின் கொல்லி டி செல்களும் அழிக்கின்றன. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவின்படி, தட்டம்மைக்குப் பிறகு அவர்களிடம் இருந்த பலவகை எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழக்கப்பட்டிருந்தது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை. திட்டமிட்ட இறப்பு நினைவைச் செதுக்குகிறது என்றால், திட்டத்துக்கு வெளியே நேரும் இந்த இறப்பு அதை அழித்துவிடுகிறது.

அப்போப்டோசிஸைத் தவிர வேறு இறப்பு முறைகளும் நினைவைப் பாதிக்கின்றன. ஜிபிஎக்ஸ்4 நொதி இல்லாத டி செல்கள் கொழுப்புச் சவ்வின் ஆக்சிஜனேற்றத்தால், ஃபெரோப்டோசிஸ் முறையில் செத்து, தொற்றுக்கு எதிராகப் பெருக முடியாமல் போகின்றன. ஜெர்மினல் மையத்துக்கு உதவும் டி செல்களும் இவ்வகை இறப்புக்கு எளிதில் ஆளாவதும், செலினியம் ஜிபிஎக்ஸ்4 வழியாக அவற்றைக் காப்பதும் 2021-இல் காட்டப்பட்டது. காஸ்பேஸ்-8 இல்லாத டி செல்கள் நெக்ரோப்டோசிஸில், அதாவது செல் வெடித்துச் சாகும் முறையில், விழுகின்றன. இறப்பை நடத்தும் நொதியே வேறொரு இறப்பைத் தடுத்துவைத்திருக்கிறது.

கடைசியாக, நடைமுறையில் எழும் கேள்வி: மருந்தைக் கொண்டு இந்த இறப்பைத் தடுத்து, தடுப்பூசியின் பலனைக் கூட்ட முடியாதா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இயற்கையே அந்தச் சோதனையைச் செய்துவிட்டது: பிசிஎல்-2 மரபணு இடம்மாறி ஓயாமல் இயங்கும் பி செல்களே ஃபாலிகுலர் லிம்ஃபோமாவின் வித்து. நோய் இல்லாத பலரின் இரத்தத்திலும் அத்தகைய செல்கள் மிகச் சிறு அளவில் இருக்கின்றன. அவை நினைவு பி செல்களின் தோற்றத்தில் ஜெர்மினல் மையங்களுக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து, ஒவ்வொரு முறையும் ஏஐடியின் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. சாகாத செல் தவறுகளைச் சேமிக்கும் செல். 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற வெனெட்டோகிளாக்ஸ் என்ற மருந்து, இதற்கு நேர் எதிராக, பிசிஎல்-2-ஐ முடக்கி லுகேமியா செல்களைச் சாக விடுவதற்காகவே உருவாக்கப்பட்டது.

பலன் தரும் வழி வேறு இடத்தில் இருக்கிறது: இறப்பை நிறுத்தாமல், தேர்வு நடக்கும் காலத்தை நீட்டுவது. ஆன்டிஜெனை ஒரே நேரத்தில் செலுத்தாமல், சில நாள்களுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்தியபோது, ரீசஸ் குரங்குகளில் ஜெர்மினல் மையங்கள் 6 மாதத்துக்கும் மேல் நீடித்தன என்று 2022-இல் ஷேன் கிராட்டியின் குழு வெளியிட்டது; அவ்வளவு காலமும் பி செல்கள் மாறி, போட்டியிட்டு, செத்து, எஞ்சியவை மேலும் இறுகப் பற்றுபவையாகிக்கொண்டே இருந்தன. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்களின் நிணநீர் முடிச்சுகளிலிருந்து நுண்ணூசியால் செல்களை எடுத்துப் பார்த்த செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்களும், சிலரிடம் இம்மையங்கள் 6 மாதம்வரை இயங்கியதையும், அக்காலத்தில் எதிர்ப்பொருள்களின் பற்றும் திறன் கூடியதையும் அதே ஆண்டில் பதிவு செய்தார்கள்.